ரோஸ் நிறச் சீட்டு

ஆகஸ்டு 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கோலாலம்பூரில் மழை. பிரிக்பீல்ட்ஸ் சடக்கு, சந்து எல்லாம் சேறு. ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை நாசம். குடையை எங்கே வைத்தேன் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. ‘சமபந்தி போஜனம்’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தேன், போட்டிருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் யோசனை. கமிட்டியில் நான்தான் எழுந்து சொன்னேன். மேடையில் சாதி வேண்டாம் என்று பேசிவிட்டுத் தனித்தனியாகப் போய்ச் சாப்பிடுவதற்கு ஒரு சங்கம் எதற்கு, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரட்டும் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். காரியதரிசியாகி மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

செய்ய வேண்டியவை:
பந்தல், அத்தாப்பு ஓலைக் கூரை — சின்னையா.
வாழையிலை — பண்டமாரானிலிருந்து லோரியில். சனி மாலைக்குள் வரவேண்டும்.
மேளம் — ரவாங் தோட்டத்து ஆட்கள். எழுதி ஒரு வாரம், பதில் இல்லை.
பெஞ்சு, நாற்காலி — பள்ளிக்கூடத்தில் கேட்டாயிற்று. வாய் நிறையச் சரி என்றார்கள். நம்பக்கூடாது.
மழை பெய்தால்? — தெரியாது.

சின்னையாவிடம் ஒப்படைத்தால் பந்தலைப் பற்றிய கவலை இல்லை. மனுஷர் போர்டு லயத்துக்காரர். தெருக் கூட்டும் ஆட்களின் வரிசை வீடுகளை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். மாட்டு வண்டியில் ஊர்க் குப்பையை அள்ளிவிட்டுக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சங்க வேலைக்கு வருவார். போன மழைக்கு எங்கள் ரயில்வே குவார்ட்டர்சில் தண்ணீர் ஏறியபோது எங்கள் அரிசி மூட்டையைத் தலைமேல் வைத்துக் கொண்டுபோய் மேட்டில் சேர்த்தவர். ஒரு மாதம் அந்த அரிசியைத்தான் சாப்பிட்டோம்.

ஆகஸ்டு 6, வியாழன்

அரை நாள் லீவு. ரயிலில் கிள்ளான் போய்ச் சங்கத் தலைவரைப் பார்த்தேன். அரிசிக் கடையில் கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. காப்பி வந்தது. அப்புறம் நோட்டீசை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“செக்ரட்டரி, நோட்டீஸ் நல்லாருக்கு. வாய் நெறைய சமபந்தின்னு போட்டிருக்கீங்க. இங்கேருந்து பத்துப் பதினஞ்சு குடும்பம் வருது. பொம்பளைங்களும் வராங்க. பக்கத்து எலையில போர்டு லயத்து ஆளு உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுவாங்க. போனா யாருக்கு அவமானம்?”

அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“ஏன் எடுக்கணும்? நல்ல காரியம், நடக்கட்டும். யாரு எப்ப உக்கார்றதுங்கிறது உங்க கையிலதானே இருக்கு. ரயில்வேல டிக்கெட்டுக் கொடுக்கிறவரு நீங்க. கூட்டத்தப் பிரிக்க உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?”

மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வருஷத்து விழா ஞாபகம் வந்தது. பாதிப் பந்தல் காலி, தலைவர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பேசினார், ஒரு மாதம் ஊரெல்லாம் சிரித்தது. திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கூட்டத்தைப் பிரிக்க ஒரு யோசனை வந்துவிட்டது. வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

குடை தலைவர் கடையில்தான் இருந்தது. போன மாதம் விட்டது.

ஆகஸ்டு 9, ஞாயிறு

கமிட்டி. ஏழு பேர். ரவாங் மேளம் வருகிறது, சந்தோஷம். என் திட்டத்தைச் சொன்னேன்.

இரண்டு பந்தி. முதல் பந்தி பதினொன்றரைக்கு, வெள்ளைச் சீட்டு. இரண்டாவது பந்தி ஒரு மணிக்கு, ரோஸ் சீட்டு. ஒரே சாப்பாடு, ஒரே இலை, ஒரே பந்தல். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, இட நெருக்கடிக்கு இரண்டு பந்தி, அவ்வளவுதான். போர்டு லயத்து ஆட்கள் எல்லாரையும் தொண்டர் படையில் சேர்த்துவிடுவது. தொண்டர்கள் விருந்தாளிகளைச் சாப்பிட வைத்துவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி. வாசல், வண்டி, செருப்பு, கூட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பரிமாறுவதும் தண்ணீரும் குவார்ட்டர்ஸ் ஆட்கள்.

ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒருவர் “தொண்டனுக்கு அதுதானே அழகு” என்றார். உதவிக் காரியதரிசி தணிகாசலம், என்னோடு ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவன், அவன்தான் கேட்டான்.

“அண்ணே, நானும் தொண்டர் படையிலதானே இருக்கேன். எனக்கு எந்தச் சீட்டு?”

“வெள்ளை.”

“அப்ப சரி.”

சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பதுதான் காரணம்.

ஆகஸ்டு 11, செவ்வாய்

மழை இல்லை. வீட்டில் கமலத்துக்குப் பல்வலி, கிராம்பு வைத்துக் கட்டியிருக்கிறாள். அதோடு உட்கார்ந்து தொண்டர் பேட்ஜுக்குப் பச்சை ரிப்பனை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் சின்னையா மூங்கில் விஷயமாக வந்தார். அவர்தான் தொண்டர் படைத் தலைவர் என்று சொன்னேன். தைத்து வைத்த பேட்ஜ் ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு, “எங்க ஆளுங்கள வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க கிராணியாரே. பேட்ஜ் குத்திக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல” என்றார். ஆபீஸில் பேனா பிடிக்கிற எல்லாரும் இங்கே கிராணிதான். அவர் வாயில் மட்டும் அந்த வார்த்தை எனக்குப் பட்டம் மாதிரி கேட்கும்.

விதியைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“கடைசில சாப்புடறது எல்லாத் தொண்டருக்கும் உள்ளதுங்களா?”

“எல்லாருக்கும்தான்.”

“நல்ல விதிங்க. வேல செய்றவனே மொதல்ல எலையில உக்காந்தா ஊரு சிரிக்காதா? நான் பாத்துக்கிறேன். ஒருத்தரையும் உக்கார விடமாட்டேன்.”

எல்லாருக்கும்தான் என்று சொன்னேன். நாக்கு தடுமாறவில்லை. கவுண்டரில் ரயில் லேட் இல்லை, வந்துவிடும் என்று சொல்வேனே, அதே குரல். அவர் போன பிறகு கமலம் ரிப்பனிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: “நீங்க எந்தப் பந்தில உக்காருவீங்க?” இரண்டாவதில், அவர்களோடுதான் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்டு 14, வெள்ளி

சீட்டு எழுதி முடித்தேன். விரல் முழுக்க மை. பண்டமாரான்காரர் நாளை நாலு மணிக்குள் இலை வரும் என்கிறார். சமையல்காரருக்குக் கத்தரிக்காய் பிடிக்கவில்லையாம், பாசாரில் மறுபடி வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பாதிதான் தருவார்கள். நினைத்ததுதான்.

கமலம் ரோஸ் கட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது சில சமயம் தொந்தரவு.

“இதுல எல்லாம் லயத்துப் பேராவே இருக்கே.”

“தொண்டர்கள்.”

“மூக்கம்மாவோட ரெண்டு வயசுப் புள்ளையும் தொண்டரா?”

கத்தினேன். பல்வலிக்காரியைப் பார்த்து, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நாலு பேரை வைத்து ஒரு காரியம் நடத்திப் பார் என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவள் கட்டை நூல் போட்டுக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போது இதை எழுதும்போது காது சுடுகிறது.

ஆகஸ்டு 16, ஞாயிறு. காலை

விடியும்போதே வானம் வெறிச்சென்று இருக்கிறது. ஒரு மேகம் இல்லை. பந்தலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாழைமரம், மாவிலைத் தோரணம், கூரையில் ஒரு பொத்தல் கிடையாது. சின்னையா ஆட்கள் பதினெட்டுப் பேர் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சலாம் வைத்தார்கள். புதுச் செருப்பு கடிக்கிறது. மற்றது பிறகு.

ஆகஸ்டு 17, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஆபீசில் பெரிய துரையே கூப்பிட்டு விழா நன்றாக நடந்ததாமே என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ.

நன்றாகத்தான் நடந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். கூட்டம் பந்தல் கொள்ளாமல். கிள்ளான் குடும்பங்கள் எல்லாம் வந்தன. ரவாங் மேளம் பிரமாதம். சாப்பாடு குறையவில்லை, மிஞ்சி நாறவும் இல்லை. பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் யாரும் விழவில்லை. செருப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை. நூற்றுக்கணக்கான செருப்பை ஜோடி ஜோடியாக அடுக்கி, சாக்குக்கட்டியால் எண் எழுதி, ஆளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள் லயத்து ஆட்கள். கிள்ளான் அம்மாள் ஒருத்தி இப்படி ஒழுங்கை எங்கேயும் பார்த்ததில்லை என்றாளாம்.

இனி மற்றது.

முதல் பந்தி. இலை போட்டாயிற்று. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. வெள்ளைச் சீட்டைப் பந்தல் வாசலில் வாங்கிக்கொண்டு சின்னையா ஒவ்வொருவரையாக உள்ளே அனுப்பினார். எனக்கு உள்ளே வேலை. சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறுகிறவர்கள் கிளம்பும்போது பார்க்கிறேன், சின்னையா வரிசைக்குள் வந்துகொண்டிருக்கிறார். தணிகாசலமும் குவார்ட்டர்ஸ் ஆட்கள் நாலு பேரும் பின்பக்க வழியாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மார்பில் பச்சைப் பேட்ஜ். பரிமாற வேறு ஆள் இருக்கிறது, பசிக்கிறது, உட்கார்ந்துவிட்டார்கள்.

“தணிகாசலம் சார், எந்திரிங்க. நாம கடைசிலங்க.”

தணிகாசலம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

“சிரிக்காதீங்க சார். விருந்தாளிங்க பாக்கிறாங்க. பேட்ஜ் போட்டவங்க எல்லாரும் கடைசிலதான். கிராணியாரு சொன்ன விதி.”

நல்ல குரலில்தான் சொன்னார். அதட்டவில்லை. ஒரு தலைவன் தன் ஆட்களிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவர் வரிசையில் நடந்து வந்தபோது இரண்டு பக்கமும் கிள்ளான் பெண்கள் சேலையை இழுத்து ஒடுக்கிக்கொண்டார்கள். அவர் பார்த்தாரா இல்லையா தெரியாது. சாம்பார் வாளி நின்றுவிட்டது. மேளம்கூட நின்றது. தணிகாசலம் என்னைப் பார்த்தான். தலைவர் முதல் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தணிகாசலத்தை எழுந்திரு என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் எழுந்து போயிருப்பார்கள், ஒன்றும் முழுகிப் போயிருக்காது. இதை நேற்றிலிருந்து நூறு தடவை நினைத்துவிட்டேன். அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. வாளி நிற்கிறதே, கிள்ளான்காரர்கள் பார்க்கிறார்களே என்பதுதான் தோன்றியது. சின்னையாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“அந்த விதி உங்களுக்குத்தான் சின்னையா. அவங்களுக்கு இல்ல.”

“எங்களுக்குன்னா?”

அவர் கையில் வாசலில் வாங்கிய வெள்ளைச் சீட்டுக் கட்டு. அதைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பேட்ஜோடு அவர் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் பெண்டு பிள்ளைகள், எல்லார் கையிலும் ரோஸ்.

“சரிங்க” என்றார். பிறகு தணிகாசலத்திடம் குனிந்து, “தெரியாமச் சொல்லிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். தணிகாசலத்திடம் மன்னிப்புக் கேட்டார். அவன் பெரிய மனசோடு கையை ஆட்டினான். வாளி நகர்ந்தது.

நான் இரண்டாம் பந்தியில்தான் உட்கார்வதாக இருந்தேன். தலைவர், “வாங்க செக்ரட்டரி, நம்ம பக்கத்துல” என்று கூப்பிட்டார். உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.

ஒரு மணிக்கு இரண்டாம் பந்தி. அதே சாம்பார், அதே இலை, நானே வாளியைக் கிளறிப் பார்த்தேன். சின்னையா தன் ஆட்களை உட்கார வைத்தார், பிள்ளைகளுக்கு இலையைத் துடைத்துக் கொடுத்தார். அவர் மட்டும் உட்காரவில்லை. கேட்டதற்கு, “மாடு தண்ணிக்கு நிக்குதுங்க” என்றார். அவர் மாடு ஞாயிற்றுக்கிழமை லயத்துக் கொட்டடியில் நிற்கும். எனக்குத் தெரியும்.

பந்தலின் நடுவில் கட்டிய படுதாவுக்கு அந்தப் பக்கம் மேடையில் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். இன்று நாம் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டோம், இந்தக் கோலாலம்பூரில் ஒரு புது யுகம், அது இது என்று. பலத்த கைதட்டல். இந்தப் பக்கம் இரண்டாம் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மா மடியில் அந்த இரண்டு வயசுப் பிள்ளை கைதட்டல் கேட்டுத் தானும் தட்டியது.

ஆகஸ்டு 18, செவ்வாய்

புதுச் செருப்புக் கொப்புளம் உடைந்துவிட்டது. பழைய ஜோடுதான் இன்று.

பத்திரிகைக்கு விழாச் செய்தி எழுத வேண்டும், காரியதரிசி வேலை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் எழுதியது: ‘சாதி பேதமின்றி அனைவரும் சமபந்தி போஜனத்தில் கலந்து கொண்டனர்.’ தணிகாசலம் உரக்கப் படித்துப் பார்த்தான். “கலந்து கொண்டனர்னு போட்டா வேகம் பத்தல அண்ணே. மகிழ்ந்து உண்டனர்னு போடுங்க.” போட்டேன். தபாலில் சேர்த்தாயிற்று.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வேதனை. அன்று நடந்ததை அவன் மறந்தே போய்விட்டான்.

ஆகஸ்டு 19, புதன்

காலையில் வண்டிச் சத்தம். தினமும் ஆறு மணிக்குச் சின்னையா வண்டி எங்கள் வாசல் தாண்டிப் போகும். நான் பல் விளக்கிக்கொண்டு நிற்பேன். “வரேன் கிராணியாரே” என்பார். திங்களும் நேற்றும் நான் வேண்டுமென்றே உள்ளே இருந்துவிட்டேன். இன்று மாட்டிக்கொண்டேன்.

“வரேன் கிராணியாரே.”

எப்போதும் போல. அதே சிரிப்பு. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேசாமல் போயிருந்தால், அட, நமக்கும் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கலாம். ஒன்றும் இல்லை. மாடு மணியை ஆட்டிக்கொண்டு போனது.

ஆகஸ்டு 20, வியாழன்

கிள்ளான் சங்கத்திலிருந்து கடிதம். அவர்களும் அக்டோபரில் விழா வைக்கிறார்கள், சமபந்தி உண்டு. எங்கள் விழாவைப் பார்த்து அசந்துபோனார்களாம். தலைவர் என்னைப் புகழ்ந்தாராம். ‘தங்கள் ஒழுங்கு முறைகளை எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பேருதவி.’ கீழே இன்னொரு வரி. ‘தங்கள் தொண்டர் படை மிகவும் கட்டுப்பாடானது என்று கேள்வி. அவர்களையும் அன்று அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.’

உட்கார்ந்து எழுதினேன்.
1. பந்தல் இரண்டு நாள் முன்னே முடிய வேண்டும்.
2. இலை ஒரு நாள் முன்னே. ஈரச் சாக்கில் சுற்றி வைக்கவும்.
3. செருப்புக்குத் தனி இடம், தனி ஆள், சாக்குக்கட்டி.
4. மேளத்துக்கு முன்கூட்டி இரண்டு கடிதம்.
5.

ஐந்தில் நின்றுவிட்டேன். ஒரு மணி நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஒன்று மைக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு எழுதினேன்: ‘கூட்ட நெரிசலைத் தவிர்க்க இரு நிறச் சீட்டுக் கொடுக்கவும்.’ அவர்களுக்குப் புரியும். இனிமேல் கிள்ளானில் நடக்கும், அவர்களைப் பார்த்து இன்னொரு ஊரில் நடக்கும், எல்லா ஊரிலும் வெள்ளையும் ரோஸும் நானே எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். சமபந்தி என்று கேட்டால் எனக்குப் பெருமையாக இருந்ததும் இதே மாதத்தில்தான்.

கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை.

ஆகஸ்டு 22, சனி

கமிட்டி. கிள்ளான் கடிதத்தைப் படித்தார்கள். எனக்கு நன்றித் தீர்மானம். மாலை போட்டார்கள். தலைவர் கிள்ளானிலிருந்து அதற்காகவே வந்திருந்தார். எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். சமபந்தி நடக்கவில்லை, நான் நடத்தவில்லை, மினிட் புத்தகத்தில் அப்படி எழுத முடியாது என்று. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

எழுந்தேன். “விழா நல்லபடியா நடந்ததுன்னு எல்லாரும் சொன்னீங்க. ஆனா ஒரு குறை இருக்கு” என்று தொடங்கினேன்.

“குறையா? என்ன குறை?” தலைவர்.

எல்லார் முகமும் என் பக்கம். மாலையில் இருந்த மல்லிகை மூக்கில் ஏறியது.

“ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். மினிட் புத்தகத்தில் தணிகாசலம், சமபந்தி போஜனம் இனிதே நடைபெற்றது என்று எழுதினான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து கமலத்திடம் எல்லாம் சொன்னேன். பந்தலில் நடந்ததையும் சேர்த்து. அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெண்கள் பக்கம் பேசிக்கொண்டார்களாம். ஒரு வாரமாக நானாகச் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“கமிட்டில சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவங்க வீட்டுல சோறு போட்டாங்கன்னா சாப்பிட்டுட்டு வாங்க.”

“போடலேன்னா?”

“கேட்டுச் சாப்பிடுங்க.”

ஆகஸ்டு 23, ஞாயிறு

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கமலம் தோசை சுடவுமில்லை. பத்தரைக்குக் கிளம்பினேன். நல்ல வெயில். போர்டு லயம் எங்கள் குவார்ட்டர்சிலிருந்து கால் மணி நடை. இத்தனை வருஷத்தில் உள்ளே போனது இல்லை. பந்தல், மேளம், மூங்கில் எல்லாம் பேசியது என் வாசலில் வைத்துத்தான்.

வாசலிலேயே சின்னையா பார்த்துவிட்டார். “வாங்க வாங்க, கிராணியாரே” என்று எழுந்தார். ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டார். நான் உள்ளே வருகிறேன் என்றேன். “உள்ள புழுக்கமுங்க” என்றார். உட்கார்ந்தேன். அவர் மனைவி அங்கம்மா நிலைப்படி ஓரம் வந்து நின்று கும்பிட்டாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. எனக்கு வயிறு இழுத்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், வேஷம் போடாமல் சாப்பிடலாம்.

“சின்னையா, நான் வந்தது எதுக்குன்னா...”

“இருங்க, ஒரு நிமிஷம்” என்று எழுந்து போய்விட்டார். அங்கம்மாவிடம், “சமையல் ஆயிருச்சா?” என்று கேட்டேன். “ஆயிருச்சுங்க” என்றாள். சோறு போடும்மா என்று சொல்ல வேண்டியது நான்தான். அவர் வந்தபிறகு கேட்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சின்னையா மூலைக் கடையிலிருந்து சோடாப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் மூடி போட்டது போட்டபடி. என் கண்முன்னால் திறந்தார். அதை என் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“வீட்டுல கிளாஸ் இல்லீங்க. அப்படியே குடிங்க.”

உள்ளே தண்ணீர்ப் பானை பக்கத்தில் மூன்று கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்று அவருக்கும் தெரியும். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு. நம்மவர்கள் வந்தால் அவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்போலிருக்கிறது, கை பழகியிருந்தது.

குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

“சின்னையா, அன்னைக்கு நான் உங்ககிட்ட...”

“அன்னைக்கு நல்லா நடந்துச்சுங்க. மழ வரல, பாருங்க, அதான் பெரிசு.” நான் மேலே பேசுவதற்குள் அவரே தொடர்ந்தார். “கிள்ளான் விழாவுக்கு ஆளு கேக்கத்தானே வந்தீங்க? தணிகாசலம் சாரு நேத்தே சொல்லிட்டாரு. அதுக்குப் போயி நீங்க வெயில்ல வரணுமா, சொல்லி அனுப்புனா நான் வந்திருக்க மாட்டேனா?”

அதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்காக வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் வேறு எதற்கும் வந்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா, அல்லது வேறு எதையும் நான் அங்கே சொல்ல வேண்டாம் என்று தடுக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.

“ஆனா ஒண்ணுங்க” என்றார். “எங்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டு மட்டும் எழுதாதீங்க. கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்துடுறோம். உங்களுக்கும் எழுதுற வேல மிச்சம். எத்தன பேரு வேணுமுங்க?”

அங்கம்மா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது பேர் என்றேன்.